பூச்சி மாத்திரை நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடுமா?

“ராத்திரி பூரா பல்லை நறநறன்னு கடிக்கிறான். சோறு வச்சா வேண்டாங்கறான். மண்ணைக் கண்டா எடுத்து வாயில போட்டுக்கறான். வயித்துல பூச்சியாத்தான் இருக்கும்!”

தருமபுரிப் பக்கம் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பாட்டிமார்கள் இப்படித்தான் தீர்ப்புச் சொல்வார்கள். பல் கடிப்பதற்கும் பூச்சிக்கும் சம்பந்தம் இருப்பதாக நிரூபணம் இல்லை. ஆனால் பிள்ளை மண் தின்றால் அலட்சியமாக விடாதீர்கள். ரத்தசோகை இருக்கலாம். அந்த ரத்தசோகைக்குக் கொக்கிப்புழு காரணமாக இருக்கலாம்.

அந்தக் காலத்தில் விளக்கெண்ணெயைப் புகட்டிப் பேதிக்கு விட்டுவிடுவார்கள். இப்போது பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். 2015-இல் தேசிய குடற்புழு நீக்க நாள் தொடங்கியது. 1 வயதிலிருந்து 19 வயது வரை எல்லோருக்கும் உண்டு.

இதில் படித்த தாய்மார்களுக்கு இப்போது ஒரு புதுக் கவலை. “வயித்துல நல்ல பாக்டீரியா இருக்குதாமே, மாத்திரை அதையும் கொன்னுட்டா?” என்கிறார்கள். சிலர் அன்றைக்குப் பிள்ளைக்கு லீவு போட்டுவிடுவதும் உண்டு.

கேள்வி நியாயமானதுதான். நம் உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 லட்சம் கோடி. பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. நமக்கு ஜீரணமாகாத நார்ச்சத்தைத் தின்று, குடல் சுவருக்குத் தேவையான சத்தைத் தயாரித்துத் தருவது இவைதான்.

அந்த வீட்டில்தான் புழுவும் வந்து குடியேறுகிறது. நாக்குப்பூச்சி எனப்படும் உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் சிறுகுடலில் இருக்கும். சாட்டைப்புழுவோ பெருங்குடலில், பாக்டீரியாக்களுக்கு நடுவிலேயே தங்கும். 2010-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் எலிகளிடம் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள். எலியின் சாட்டைப்புழு முட்டை குடலுக்குள் பொரிய, பாக்டீரியா அதைத் தொட வேண்டியிருக்கிறது! குடியிருப்பவனே கதவைத் திறந்துவிடுகிற மாதிரி.

உள்ளே வந்த புழுவை விரட்ட உடம்பு என்ன செய்யும்? குடல் சுவரில் சளி போன்ற வழவழப்பை அதிகமாகச் சுரக்கும். அந்த வழவழப்பு சில பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம், சிலவற்றுக்குத் திண்டாட்டம். மலேசியாவின் ஒராங் அஸ்லி பழங்குடிகளிடம் 2014-இல் வெளியான ஆய்வில், புழு உள்ளவர்களிடம் பாக்டீரியா வகைகள் அதிகமாகவே இருந்தன. “அப்போ புழு நல்லதா?” என்று கேட்டுவிடாதீர்கள். கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. பிள்ளையின் முகம் வெளுத்துப்போவதற்கு நாலு வகை பாக்டீரியா கூடுதலாக இருப்பது ஈடாகுமா?

இப்போது மாத்திரைக்கு வருவோம். அல்பெண்டசோல், புழுவின் செல்களைத் தாங்கும் ட்யூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. புழுவால் சர்க்கரையை உறிஞ்ச முடியாது. பட்டினியில் சாகிறது. நம் குடல் பாக்டீரியாக்கள் இந்த மருந்தின் குறியல்ல. ஆன்டிபயாடிக் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தப் பயமே.

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் சிலருக்கு அல்பெண்டசோலும் சிலருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. புழு முழுதாக நீங்கியவர்களிடம், எந்த மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் பாக்டீரியாவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மருந்துக்குப் பிறகும் புழு தங்கிவிட்டவர்களிடம்தான் மாற்றம் தெரிந்தது. ஈக்வடார் நாட்டுக் குழந்தைகளிடம் சாட்டைப்புழுவைப் பற்றி நடந்த ஆய்விலும் (2013) சிகிச்சையால் பெரிய மாற்றம் காணவில்லை. மலேசியாவில் புழு போனபின் பாக்டீரியாக்களின் விகிதம் மாறியது உண்மை. ஆனால் அது புழு போனதால் வந்த மாற்றமாகவே தெரிகிறது.

ஆகவே மாத்திரைக்குப் பிறகு விலை உயர்ந்த ‘நல்ல பாக்டீரியா’ கேப்ஸ்யூல் தேடி மெடிக்கல் ஷாப்புக்கு ஓட வேண்டாம். ராகிக் களியும் கீரையும் மோரும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. ராகியின் நார்ச்சத்து அந்த பாக்டீரியாக்களுக்கு நல்ல தீனி.

நிஜமாகக் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ஒரு வேளை மாத்திரையில் உருண்டைப்புழு நூற்றுக்கு 95 பேருக்குப் போய்விடும். சாட்டைப்புழு சுமார் 30 பேருக்குத்தான். கொக்கிப்புழு போனாலும் திரும்ப வரும். அரூருக்கு வடகிழக்கே உள்ள ஜவ்வாது மலையில் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் நடத்திய ஆய்வில் (2013), பரிசோதித்தவர்களில் 10-க்கு ஏறத்தாழ 4 பேருக்குக் குடற்புழு. அநேகமாக எல்லாம் கொக்கிப்புழு. திறந்தவெளியில் மலம் கழித்த ஈர மண்ணில் அதன் குஞ்சு காத்திருக்கும். வெறுங்காலோடு நடக்கும் பிள்ளையின் தோலைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு வந்து, எச்சிலோடு குடலுக்குப் போகும். சித்தேரி மலையானாலும் பென்னாகரம் காட்டுவேலையானாலும், கொல்லைக்குப் போகும் பிள்ளையின் காலில் செருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இதனால்தான் மாத்திரை ஒருமுறையோடு நிற்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது.

2 வயதுக்கு மேல் முழு மாத்திரை (400 மில்லி கிராம்), 1 முதல் 2 வயது வரை பாதி. சின்னக் குழந்தைக்குப் பொடி செய்து தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பெரிய பிள்ளைகள் மென்று சாப்பிட வேண்டும். காய்ச்சலோ உடம்பு முடியாமலோ இருந்தால் குணமானபின் கொடுக்கலாம். லேசான வயிற்று வலி, குமட்டல் வந்தால் சற்று நேரத்தில் போய்விடும். மறுநாள் மலத்தில் நாக்குப்பூச்சி வெளிவந்தால் அலற வேண்டாம், மருந்து வேலை செய்திருக்கிறது. அன்று லீவு போட்ட பிள்ளைக்குச் சில நாள் கழித்து மறுபடி ஒரு நாள் மாத்திரை தருவார்கள். டீச்சரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.