பலூன் கடைத் துப்பாக்கியின் வயிற்றுக்குள்ளே!

திருவண்ணாமலை தீபத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள், தேரைப் பார்ப்பார்கள், மாட்டுச் சந்தையில் குதிரைகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவார்கள். எனக்குக் கிடைத்த தரிசனமே வேறு. பலூன் சுடும் கடையின் பின்பக்கம்!

முன்பக்கம் பலகை நிறைய சிவப்பு, மஞ்சள், நீலம். தார்ப்பாயை விலக்கிப் பின்னால் போனால் ஒரு கோணிச் சாக்கு. அதன்மேல் குடலை உருவிப் போட்ட ஏர்கன். கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முழ நீள ஸ்பிரிங்கை ஒரு கையால் அமுக்கியபடி, "தம்பி, கொஞ்சம் ஒதுங்கு. இது துள்ளிச்சின்னா மூஞ்சி போயிடும்" என்றார். ஒதுங்கினேன். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

நோய் என்ன? காற்று போகிறது. ஏர்கன்னில் வெடிமருந்து கிடையாது. குழலை மடக்கும்போது உள்ளே ஸ்பிரிங் சுருங்கி, பிஸ்டன் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். விசையை இழுத்ததும் ஸ்பிரிங் பாயும், பிஸ்டன் பாயும், முன்னால் அகப்பட்ட காற்று நசுங்கிச் சின்னத் துளை வழியே பீறிட்டு ஈயக்குண்டைத் துரத்தும். அந்தக் காற்று ஓரமாக நழுவாமல் பார்த்துக்கொள்வது பிஸ்டன் தலையில் திருகிய ஒரு தோல் வாஷர். சைக்கிள் பம்புக்குள் இருக்கிறதே, அதற்கு அண்ணன். இத்தனை இரும்பும் அந்தத் தோலை நம்பித்தான் பிழைக்கிறது!

திருவிழாக் கூட்டத்தில் ராத்திரி முழுக்க அடி வாங்கினால் தோல் என்ன ஆகும்? தேயும், காயும், ஓரம் கிழியும். அதைவிட மோசம், குண்டு போடாமல் வெறுமனே விசையை இழுக்கும் வாண்டுகள். குழலில் குண்டு இருந்தால் அதன் பின்னால் காற்று அமுங்கி, பிஸ்டனுக்கு மெத்தை போட்ட மாதிரி தாங்கும். குண்டு இல்லையென்றால் பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் மோதும். கடைக்காரர் காசை விட்டாலும் விடுவார், வெறும் சுடு சுட விடமாட்டார்.

இன்னொரு கசிவு, குழல் மடங்கும் இடத்தில். அது இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, துப்பாக்கியைப் பிரிக்கும் முன்பே அவர் செய்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மடிப்பின் மேல் ஒரு சிட்டிகை திருநீறு! குண்டு போட்டுப் பலகையைப் பார்த்துச் சுட்டார். திருநீறு இருந்த இடத்திலேயே இருந்தது. "மேல நல்லாருக்கு. உள்ளதான் கோளாறு." எக்ஸ்ரே முடிந்தது.

இனி வைத்தியம். ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர். தோலுக்கா பஞ்சம்? ஆனால் எந்தத் தோலும் ஆகாது. குரோம் உப்பில் பதனிட்ட ஷூ தோலை வளைத்து வைத்தால் மறுபடி நிமிர்ந்துவிடும். மரப்பட்டைச் சாற்றில் ஊறிய தோல்தான் கொடுத்த வடிவத்தைக் கேட்கும். ஒரு காலத்தில் நம் ஊர்களில் அதற்கு ஆவாரம் பட்டை.

அவரிடம் இருந்த அச்சு என்ன தெரியுமா? பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்வாய் அளவுக்கே ஒரு குழாய்த் துண்டு, அதற்குள் இடைவெளி விட்டு நுழையும் ஒரு போல்ட்டுத் தலை. வட்டமாக வெட்டிய தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, குழாய் வாயில் வைத்து, போல்ட்டால் உள்ளே அழுத்தி, அப்படியே காயவிட்டார். மறுநாள் எடுத்தால் விளிம்பு எழும்பிய குட்டிக் கிண்ணம்! பிளேடால் ஓரம் சீவி, நடுவில் திருகுக்கு ஓட்டை போட்டு, வெதுவெதுப்பான விளக்கெண்ணெயில் ஊறப்போட்டார். கிண்ணத்தின் வாய் காற்றைப் பார்த்து இருக்க வேண்டும். காற்று நசுங்க நசுங்க அதுவே விளிம்பை விரித்துச் சிலிண்டர் சுவரோடு ஒட்டவைக்கும். தப்பிக்கப் பார்க்கும் காற்றே தனக்குக் கதவைச் சாத்திக்கொள்கிறது. என்ன குறும்பு பாருங்கள்!

இந்தக் கோணிச் சாக்கு வைத்தியத்துக்குப் பெரிய பரம்பரையே உண்டு. 1780களில் ஆஸ்திரியப் படை கையாண்ட ஜிராண்டோனி காற்றுத் துப்பாக்கியிலும் காற்றைக் காத்தது தோல்தான். அமெரிக்காவின் மேற்கைத் தேடிப் போன லூயிஸ்-கிளார்க் குழுவின் காற்றுத் துப்பாக்கிக்கு 1805 ஜூனில் மெயின் ஸ்பிரிங் புதுப்பித்தவர் கூடவே போன கொல்லர் ஜான் ஷீல்ட்ஸ். அத்துவானக் காட்டில் உதிரிபாகக் கடைக்கு எங்கே போவது? இன்னொரு செய்தி: கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்கில் சுட்ட குண்டும் 4.5 மில்லிமீட்டர், இந்தக் கடைகளில் வழக்கமாகப் போடுகிற குண்டும் அதே 4.5 மில்லிமீட்டர். என்ன, அங்கே பத்துப் புள்ளிக்கான பொட்டு அரை மில்லிமீட்டர், இங்கே பலூன்.

துப்பாக்கி பலமானால் பலூன் அதிகம் உடையுமே, நஷ்டம் இல்லையா அண்ணே என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "குண்டு பலூன்ல பட்டு உடையாம கீழ விழுந்தா எவனாவது சும்மா போவானா? இன்னொரு குண்டு ஓசியில கேப்பான். டப்புனு சத்தம் கேட்டாத்தான் நாலு பேர் வருவான்."

மாட்டி முடித்து முதல் சுடு. டமார்! குழல் வாயில் புகை. வாஷரில் மிஞ்சிய எண்ணெய், நசுங்கிய காற்றின் சூட்டில் பற்றிக்கொண்டதாம். நாலைந்து சுட்டால் சரியாகிவிடும் என்றார். அதற்குள் சத்தம் கேட்டு முன்பக்கம் மூன்று பையன்கள் ஓடிவந்து, அந்தத் துப்பாக்கிதான் வேண்டும் என்று சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள்.