சேமக்கலமும் ஊர்திகளும்

வீதியில் ஓசையின்றிச் செல்லும் மின்சார மோட்டார் வண்டியைக் கண்ட நம் மாணவருட் சிலர், கடல் கடக்கும் விமானமும் விரைவில் அவ்வாறே பறக்கும் என வாதிக்கின்றனர். அவ்வாதம் பொருந்துமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மின்சார வண்டி புதியதன்று. பெல்ஜிய தேசத்தவராகிய காமீல் ஜெனாட்ஸி என்பார் 1899-ஆம் ஆண்டிலேயே சேமக்கலம் பூட்டிய வண்டியொன்றைப் பாரிஸுக்கு அணித்தே மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். அதற்கும் முன்னர், 1884-இல், ரெனார், கிரெப்ஸ் என்னும் பிரெஞ்சுப் படை அதிகாரிகள் மின்கல வலியால் ஆகாயக் கப்பலொன்றை எட்டுக் கிலோமீட்டர் செலுத்தி, 23 நிமிஷத்தில் புறப்பட்ட இடத்திற்கே மீண்டனர். இத்துணை முன்னே பிறந்த முயற்சி பெட்ரோலுக்குத் தோற்றதேன்?

எடையே காரணம். ஒரு கிலோ பெட்ரோலில் ஏறத்தாழ 12 யூனிட் சக்தி உறைகின்றது. இக்காலத்து லிதியம் கலத்தின் ஒரு கிலோவிலோ சுமார் கால் யூனிட்டே அடங்கும். ஆயினும் பெட்ரோல் எந்திரம் தான் உண்பதில் முக்காற் பங்கை வீண் வெப்பமாக்கிவிடும். மின் மோட்டாரோ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை வேலையாக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், 50 லிட்டர் பெட்ரோலுக்கு, அதாவது 37 கிலோவுக்கு, ஈடாக ஏறக்குறைய 500 கிலோ கலம் வேண்டும். பாரந்தான், எனினும் அதைத் தாங்குவது தரையன்றோ! அன்றியும், வண்டியைத் தடுக்குங்கால் மோட்டாரே மின்னாக்கியாகிச் செலவில் ஒரு பகுதியை மீட்டுத் தருகின்றது.

விமானம் தன் பாரம் முழுவதையும் தானே தூக்குதல் வேண்டும். ரெனாரின் கப்பலையோ ஹைட்ரஜன் வாயு தாங்கிற்று. மின்சாரம் அதனைத் தள்ளியதே அன்றித் தூக்கியதில்லை. போயிங் 747-400 விமானம் புறப்படுங்கால் ஏறத்தாழ 397 டன் எடை வரை இருக்கலாம். அதில் எரிபொருள் மட்டும் 170 டன் வரை கொள்ளும். அதற்கீடான கலங்கள் 3,000 டன்னுக்கு மேலாகும். பல்லக்கினும் அதைச் சுமப்போர்க்குரிய கட்டுச்சோறு கனத்தாற் போலும்! எரிபொருள் செலவாகச் செலவாக விமானம் இலேசாகும். கலமோ வறிதானபின்னும் தன் எடை குறையாது இறங்கும். மோட்டாரில் திருத்துதற்கு எஞ்சியிருப்பது சிறிதே. குறையெல்லாம் கலத்தின் இரசாயனத்தில் உள்ளது.

ஆயினும் முற்றும் பயனில்லை என்றல் தவறு. இருவர் அமரும் பிபிஸ்ட்ரல் மின் விமானம் ஒன்றிற்கு 2020-இல் ஐரோப்பிய அதிகாரிகள் அனுமதி வழங்கினர். அது பறப்பது ஒரு மணி நேரத்திற்கும் குறைவே. விமான நிலையத்தைச் சுற்றிவந்து ஏறவும் இறங்கவும் பழகும் மாணவனுக்கு அது போதும்.