'ஸம்' என்னும் சிறு சொல்

ஆங்கிலத்தில் 'ஸம்' என்று ஒரு சிறு சொல் உண்டு. நம் கையிலுள்ள நூறு ரூபாய் நோட்டிலேயே அது அச்சாகியிருக்கிறது. நூறு ரூபாய் என்னும் 'ஸம்'மைக் கொடுப்பதாக ரிசர்வ் வங்கியின் கவர்னர் அதில் வாக்களிக்கிறார். நாள்தோறும் கைமாறும் இச்சொல்லைச் சிறிது ஆராய விரும்புகிறேன்.

இதன் தாய் 'ஸும்மா' என்னும் லத்தீன் சொல். நமது 'சும்மா'வுக்கும் அதற்கும் உறவில்லை. 'உச்சியில் இருப்பது' என்பதே அதன் பொருள். நாம் எண்களைக் கூட்டி விடையை அடியில் எழுதுகிறோம். ரோமானியரோ கீழிருந்து மேலாகக் கூட்டி, விடையைத் தலைமேல் எழுதினர் என்பர். ஆகவே உச்சியின் பெயர் கூட்டுத்தொகைக்கும் ஆயிற்று. சிகரத்தைக் குறிக்கும் 'ஸம்மிட்', சுருக்கத்தைக் குறிக்கும் 'ஸம்மரி' ஆகியனவும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

கணித நூலில் 'ஸம்' என்பது கூட்டி வந்த விடை. பள்ளிச் சிறுவனுக்கோ கழித்தலும் பெருக்கலும்கூட 'ஸம்'தான். 'கணக்குப் போடுதல்' என்று நாம் சொல்வதில்லையா, அதுபோல. சொற்பொழிவாளர் 'ஸம் அப்' செய்தால், விரித்ததைத் தொகுத்துரைக்கிறார் என்று பொருள். ஒரே தவணையில் தரும் பணம் 'லம்ப் ஸம்'. தமிழில் 'தொகை' என்னும் சொல் இவற்றுள் பலவற்றுக்கு ஈடுகொடுக்கிறது. கூட்டி வந்ததும் தொகை, பணமும் தொகை. நூல்களின் திரட்டும் எட்டுத்தொகை என்றே பெயர் பெற்றது.

ஆனால் சட்டத்தின் வாயிலில் இச்சொல் மிகக் கண்டிப்பானது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி, புரோநோட்டில் கண்ட 'ஸம்' வரையறுக்கப்பட்டதாயிருத்தல் வேண்டும். "ஐந்நூறு ரூபாயும், இனிச் சேரவேண்டிய பிற தொகைகளும் தருவேன்" என்று ஒருவர் எழுதிக்கொடுத்தால் அது புரோநோட்டு ஆகாது. வட்டி சேர்வதால் மட்டும் கேடில்லை. 'பிற தொகைகள்' என்ற வரம்பற்ற சொல்லே அதனைக் கெடுக்கிறது. எண்ணால் எழுதியதும் எழுத்தால் எழுதியதும் முரண்பட்டால், எழுத்தால் எழுதியதே தொகை என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஒரு பூஜ்யத்தைச் சேர்ப்பது எளிது. 'ஐந்நூறு' என்பதை 'ஐயாயிரம்' ஆக்குவது அத்துணை எளிதன்று.

ஆகையால், கடன் கொடுப்போரும் வாங்குவோரும் கையொப்பத்திற்குமுன் தொகை எவ்வளவு என்பதை ஐயமற எழுத்தால் எழுதச்செய்து, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தல் நலம்.