தொழிற்பேட்டையும் ஊர்த் தெருவும்

ஓர் ஊரின் வாழ்வு எவ்வாறு மாறியது என்பதை அதன் வீடுகளும் பெரிய தெருவுமே எடுத்துரைக்கும். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையுள்ள சிற்றூர்கள் இதற்குச் சான்றாகும்.

முற்காலத்தில் இங்கு வீடு என்பது வேளாண்மையின் ஓர் உறுப்பு. மண் சுவர், ஓலை அல்லது நாட்டு ஓட்டுக் கூரை, முன்னே திண்ணை, பின்னே மாட்டுத் தொழுவம், அதனருகே வைக்கோற் போர் என அது அமைந்திருந்தது. திண்ணை வழிப்போக்கருக்கு இளைப்பாறும் இடம். ஊரார் கூடிப் பேசும் மன்றம்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும் வந்தன. தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் திரண்டனர். அவர்கள் எங்கே தங்குவது?

இங்கிலாந்தில் 1888-இல் தொடங்கப்பட்ட போர்ட் சன்லைட் என்னும் ஊரில், சோப்பு ஆலை அதிபர் லீவர் தம் தொழிலாளருக்குத் தாமே வீடுகள் கட்டுவித்தார். நம் பகுதியிலோ அப்பணியைப் பெரும்பாலும் ஊரார் மேற்கொண்டனர். தொழுவம் இருந்த இடத்தில் வரிசை அறைகள் எழுந்தன, திண்ணை கடையாயிற்று, ஓட்டு வீட்டின் மேல் மாடி உயர்ந்தது. பெரிய தெருவில் உணவு விடுதியும், கைப்பேசிக் கடையும், இந்திப் பெயர்ப் பலகையும் தோன்றின. வானத்தை நம்பிய குடும்பத்திற்கு மாத வாடகை கிடைத்தது. இது வரவேற்கத் தக்கதே.

எனினும் சில கேடுகளை நாம் உணர வேண்டும். ஐவர் வாழ்ந்த வீட்டின் கழிவுத் தொட்டியை இருபதின்மர் பயன்படுத்தினால் அது நான்கு மடங்கு விரைவில் நிரம்பும். வழிந்த கழிவு கிணற்றையும், வாய்க்கால் வழியே ஏரியையும் கெடுக்கும். 2021 டிசம்பரில் ஒரு பெண் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றதும், தொழிலாளர் நெடுஞ்சாலையில் மறியல் செய்ததும் நாமறிந்தவை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. இத்தகைய குடியிருப்புகள் பெருகினால் ஊரிலுள்ள அறைகளுக்குத் தேவை குறையவும் கூடும். மேலும், 2014-இல் நோக்கியா ஆலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். ஆகவே, ஒரே ஆலையை நம்பிக் கடன் பெற்று அறை கட்டுதல், ஒரே மழையை நம்பி விதைப்பதற்கு ஒப்பாகும்.

பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யத் தக்கவை யாவை? கட்டுமுன் அனுமதி பெறப்பட்டதா என்று பார்க்க வேண்டும். தங்குவோர் தொகைக்கேற்பக் கழிப்பிடமும், கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்குக் குறையாத தொலைவில் கழிவுத் தொட்டியும் அமையச் செய்ய வேண்டும். 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பை வற்புறுத்த வேண்டும். மகளிர் விடுதிகள் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றுள்ளனவா என விசாரித்தல் நன்று. புதிய கட்டிடங்களுக்கு முறையாக வீட்டு வரி விதித்தால், அத்தொகையே தெருவிளக்காகவும் வடிகாலாகவும் ஊருக்குத் திரும்பும்.

இன்னொன்றும் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயருள்ளோரே கிராம சபையின் அங்கத்தினர். அறைகளில் தங்கியிருப்போரில் பலருக்கு அவ்வுரிமை இல்லை. குடிநீர் வரவில்லை என்றாலும் அவர்கள் குரல் சபைக்கு எட்டுவதில்லை. சபை கூடுமுன் அங்கத்தினர் அவ்வறைகளுக்குச் சென்று குறை கேட்டு வந்து சபையில் எடுத்துரைக்கலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை.

திண்ணைகள் மறைந்திருக்கலாம். வந்தவரை வரவேற்று இடமளித்த அப்பண்பு மறைய வேண்டியதில்லை. அதைக் காப்பது நம் கையில் உள்ளது.