எல்லையும் பிரமாணமும்

‘எங்கள் ஊரைப் பறித்துக்கொண்டார்கள்’ என்று இணையத்தில் ஒருவர் எழுதினால் வசைகள் பெருகுகின்றனவேயன்றி, பிரமாணம் கேட்போர் அரிது. வேதநாராயணர் கோயில்கொண்ட நாகலாபுரத்தை அடுத்த தமிழக-ஆந்திர எல்லை ஒருகாலத்தில் கிளர்ச்சிகளால் கொதித்ததாயினும், நடுவராக வந்த படாஸ்கர், கிராமத்தை அலகாகவும், பூகோளத் தொடர்ச்சியையும் மொழிப் பெரும்பான்மையையும் அளவுகோல்களாகவும் கொண்டு, 1951 ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கை ஆராய்ந்தே தீர்ப்புரைத்தார்; அதன் பலனாக, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை ராஜ்யத்தையும், சத்தியவேடு ஆந்திரத்தையும் சேர்ந்தன.

இன்று வாதிடுவோரும், எந்த ஆவணம், எந்த ஆண்டு, எந்த அலகு என்ற மூன்றையும் முதலில் கேட்பது நலம். தாலுகாவின் கணக்கைக் காட்டி ஒரு கிராமத்துக்கு உரிமை கோருவது, எத்தனை உரக்கச் சொன்னாலும், தர்க்கமாகாது.