பழைய கட்டடமும் புதிய நகரமும்

இடநெருக்கடி மிகுந்த ஒரு மாநகரில் பழங்கட்டடங்களை என்ன செய்வது? இடித்துப் புதிதாகக் கட்டுவதா, பழுது பார்த்துக் காப்பதா? வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருள் பலர் இவ்வினாவைத் தம் வீட்டு வாயிலிலேயே காண்கின்றனர். பம்பாய் என முன்னர் வழங்கிய மும்பையின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1896-ஆம் ஆண்டில் அந்நகரைப் பிளேக் நோய் தாக்கியது. காற்றும் ஒளியும் புகாத குடியிருப்புகளே நோயின் உறைவிடம் எனக் கருதிய அரசு, 1898-இல் நகர அபிவிருத்தி டிரஸ்டை நிறுவியது. டிரஸ்டு நெருக்கமான பகுதிகளை இடித்து அகன்ற சாலைகளை அமைத்தது. வடக்கே தாதர், மாதுங்கா பகுதிகளை மனைகளாக வகுத்தது. பின்னாளில் தமிழர் பெருந்தொகையினராய்க் குடியேறிய மாதுங்கா இவ்வாறு உருவானதே. ஆயினும், இடித்த இல்லங்களுக்கு ஈடாக எழுப்பியவை தொடக்கத்தில் போதவில்லை. வெளியேற்றப்பட்ட ஏழைகள் அண்டைத் தெருக்களில் புகவே, அங்கே நெருக்கம் மிகுந்தது.

இடிப்பதால் விளைந்த துன்பம் அது. இடிக்காமல் விட்டதால் மட்டும் கட்டடங்கள் நிலைத்தனவா? அதுவும் இல்லை. 1947-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பழைய வீடுகளின் வாடகையைப் பெரும்பாலும் 1940 செப்டம்பர் மாத அளவிலேயே நிறுத்திற்று. குடியிருப்போருக்கு அது அரணாயிற்று. ஆனால், வரும் வாடகை பழுது பார்க்கவும் போதாமையால் உரிமையாளர் பலர் கட்டடங்களைக் கைவிட்டனர். மழைநீர் சுவரில் ஊறியது. தேக்கு உத்திரம் உளுத்தது. இரும்புத் தூலம் துருவேறிப் பருத்துச் சுவரைப் பிளந்தது. சுண்ணாம்புச் சாந்தினால் எழுந்த சுவரின்மீது சிமெண்டு பூசுவதும் தீங்கே. உட்புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிவிடும்.

1969-இல் இயற்றிய சட்டத்தின்படி, இக்கட்டடங்களிடமிருந்து வரி திரட்டி அவற்றைச் செப்பனிட ஒரு வாரியம் ஏற்பட்டது. பெரும்பழுதுகளுக்கு அந்நிதி போதவில்லை. 2000-இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு 4 வீதம் வாடகையை உயர்த்த இடமளித்தது. அடிப்படை வாடகையே மிகச் சிறிதாதலால் அதனாலும் பெரும்பயன் விளையவில்லை.

1995-இல் மும்பையில் மரபுக் கட்டடங்களைக் காக்கும் விதிகள் பிறந்தன. 600-க்கும் மேற்பட்ட இடங்கள் மூன்று தரங்களாகப் பட்டியலிடப்பட்டன. முதல் தரத்தில் மாற்றம் செய்வது அரிது. ஏனைய தரங்களில் படிப்படியே தளர்வு உண்டு. எனினும், பட்டியலில் பெயர் இருப்பதனால் மட்டும் தூண் நிற்பதில்லை. 1860-களில் வார்ப்பிரும்புச் சட்டங்களைக் கொண்டு எழுந்தது வாட்சன் ஹோட்டல். 1896 ஜூலை 7-ஆம் நாள் லூமியர் சகோதரர்களின் திரைப்படங்கள் அங்குத்தான் காட்டப்பட்டன. அத்துணைப் புகழ் வாய்ந்த கட்டடமும் பராமரிப்பின்றிச் சிதைந்து, 2005-இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

இன்று பழைய கட்டடத்தை இடித்து மீண்டும் கட்டுவோருக்குக் கூடுதல் மாடிகள் எழுப்ப இசைவு கிடைக்கின்றது. குடியிருப்போர் விலையின்றிப் புதுவீடு பெறுவர். கட்டுவோர் எஞ்சியவற்றை விற்பர். குடியிருப்போருக்கு இது நன்மையே. ஆயின் தெருவின் அகலமும் குடிநீர்க் குழாயும் மாடிகளோடு சேர்ந்து வளர்வதில்லை. பழமையைக் காப்பவரோ இவ்வூதியத்தை இழக்கின்றார். அவ்விழப்பை ஈடுசெய்யவே, மரபுக் கட்டட உரிமையாளர் தம் கட்டுமான உரிமையை வேறிடத்திற்கு மாற்றிக்கொள்ள விதி இடந்தருகின்றது.

இவற்றால் நாம் அறிவது யாது? கட்டடத்தைக் காப்பதெனில் அதன் செலவைச் சுமப்பவர் யார் என்பதை முதலில் முடிவு செய்தல் வேண்டும். உரிமையாளர், குடியிருப்போர், அரசு ஆகிய மூவரும் பங்கிட்டுக் கொண்டாலன்றி அது நிறைவேறாது. 30 ஆண்டு கடந்த கட்டடங்களின் உறுதியைப் பொறியாளரைக் கொண்டு சோதிப்பது மும்பையில் சட்டக் கட்டாயம். பிற நகரங்களில் வாழும் நம்மவரும் இதனைத் தாமே மேற்கொள்ளலாம். விரிசல் சிறிதாய் இருக்கையில் பார்த்தால் கொத்தனார் போதும். தாமதித்தால் உயிருக்கே இடராகும்.