நிறுத்திய கம்பியில் மின்சாரம்

எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் ரயிலில் திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரம் சந்திப்புக்கு உங்களில் பலர் பிரயாணம் செய்திருப்பீர்கள். வழிநெடுகத் தலைக்கு மேலே ஒரு கம்பி உடன் வருவதைக் கவனித்தீர்களோ, இல்லையோ! அதன் மின்னழுத்தம் 25,000 வோல்ட். நம் வீட்டு விளக்குக்கு வருவது 230 வோல்ட்தான். 1960-களில், இப்பாதை மீட்டர் கேஜாக இருந்தபோதே, இம்முறை இங்கு வந்துவிட்டது. பிற்காலத்தில் பாதை அகலமாயிற்று, மின்னழுத்தம் மாறவில்லை.

இக்கம்பியில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் சொல்லும் பணி சில காலம் எனக்கு வாய்த்தது. மின்சாரமுள்ள கம்பிக்கு 2 மீட்டருக்குள் கையோ கருவியோ போகலாகாது என்பது முதல் விதி. அதை யாரும் மறுப்பதில்லை, பயமே கற்பித்துவிடும். சிரமம் தந்தது அடுத்த விதி. மின்சாரத்தை நிறுத்தி, 'பெர்மிட்' என்னும் எழுத்து அனுமதி கைக்கு வந்த பின்னரும், வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் கம்பியை எர்த் செய்தாக வேண்டும்.

திண்டிவனத்தருகே ஒருநாள் மூத்த தொழிலாளர் ஒருவர், "நிறுத்தின கம்பியிலே கரண்டு எங்கேயிருந்து சார் வரும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. விதியைத் திரும்பச் சொன்னால் அது விடையாகாது.

இரட்டைப் பாதையில் ஒரு கம்பியை நிறுத்தினாலும் பக்கத்துக் கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. இரண்டு உலோகங்கள், நடுவே காற்று: நீங்கள் பௌதிக வகுப்பில் படிக்கும் மின்தேக்கியே இது. மாறுதிசை மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று அலைவதால், நிறுத்திய கம்பியிலும் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஆளைக் கொல்லவும் அது போதும். இன்னொன்றும் உண்டு. ஏதோ மறதியால் ஒரு மின்சார என்ஜின் நிறுத்திய பகுதிக்குள் நுழைந்தால், அதன் கூரைமேல் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் சட்டம் இரு பகுதிகளையும் ஒரு கணம் இணைத்துவிடும். அது எப்பக்கமிருந்து வரும் என்று யார் கண்டது? அதனால்தான் இருபுறமும் எர்த்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, எர்த் கழியை எடுக்கச் சொன்னேன். கேபிளின் கீழ்முனையை முதலில் தண்டவாளத்தில் இறுக்கினோம். பிறகு அவர் கழியின் கொக்கியைக் கம்பியருகே உயர்த்தினார். தொடுவதற்கு முன்பே 'சட்'டென்று ஒரு பொறி! ஒருவரும் பேசவில்லை.

இதில் வரிசை மிக முக்கியம். கொக்கியை முதலில் மாட்டிவிட்டு, கீழ்முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால், மின்சாரம் மண்ணுக்குப் போகும் வழி நம் உடம்பேயாகும். கழற்றும்போது வரிசை தலைகீழ்: மேலே உள்ள கொக்கி முதலில், கீழ்முனை கடைசியில். காலையில் மாட்டும்போது எல்லோரும் ஜாக்கிரதையாகவே இருக்கிறார்கள். மாலையில், பசியும் களைப்புமாய் வீட்டு நினைவோடு கழற்றும்போதுதான் கை தடுமாறுகிறது. ஆகையால் காலைப் பாடத்தை வேலை முடியும் நேரத்துக்கு மாற்றினேன். ஒவ்வொருவரும் தம் கையால் செய்து, காரணத்தைத் தம் வாயால் சொல்ல வேண்டும். (எழுதப் படிக்கத் தெரியாதவர்களே பல சமயம் என்னைவிடத் தெளிவாகச் சொன்னார்கள்.)

சில மாதங்களுக்குப் பின் விழுப்புரத்தில், பொழுது சாயும் வேளை. அதே மூத்தவர், தண்டவாளத்தருகே குனிந்த ஒரு புதுப் பையனின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியிருந்தார்.

"கீழே இல்லை தம்பி, மேலே முதல்லே. ஏன்னு சொல்லு, அப்புறம் கழற்று."